தலைவரின் தம்பி

ஜனவரி 12

தலைவர் ஆனவர்கள் அன்றன்று செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்று ஒன்றிய அலுவலகப் பயிற்சியில் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பெண் தலைவர்களில் பாதிப் பேருக்குப் பதிலாக அவரவர் வீட்டுக்காரர்கள்தான் வந்திருந்தார்கள். நான் எழுதலாம் என்று இருக்கிறேன். உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். வேறு எதற்கும் அது பயன்படவில்லை.

என் பெயர் வெள்ளச்சி. ஜவ்வாது மலையில் குமிழங்கொல்லை ஊராட்சி. போன மழைக்காலத்தில் ஜெயித்தேன்.

இன்று காலை ஊராட்சிச் செயலர் போன் செய்து, "தலைவர் இருக்காரா?" என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன், "இருக்காங்க, சாணி அள்றாங்க" என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்தார். கேலிதான், ஆனால் அதில் கோபம் இல்லை. கீழே சந்தைக்குப் போனால் அவரைத்தான் தலைவரே என்று கூப்பிடுகிறார்கள். அதற்கும் அவர் சிரித்துவிட்டு, "தலைவர் வூட்ல கீறாங்க" என்கிறார்.

அலுவலகத்தில் என் பெயர்ப் பலகையைத் தம்பி தீர்த்தகிரி எழுதினான். அம்மா செத்தபோது அவன் இடுப்பில் தூக்குகிற பிள்ளை. அன்றிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தான். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை.

ஜனவரி 26

கொடி ஏற்றினேன். கயிறு சிக்கிக்கொண்டது. தீர்த்தகிரி கம்பத்தில் ஏறி எடுத்துவிட்டான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இதுவரை கிராம சபை என்றால் கோயில் கல்மேடையில்தான். அதில் பெண்கள் ஏறுவதில்லை. கீழே நின்று கேட்டுவிட்டு, காட்டிய இடத்தில் ரேகை வைத்துவிட்டு வருவோம். நான் பள்ளிக்கூட மைதானத்தில் பாய் விரிக்கச் சொன்னேன். தரையில் எல்லோரும் ஒரே உயரம்தான். பெண்கள் நிறைய வந்தார்கள்.

தண்ணீர், தெருவிளக்கு என்று பேசி முடிந்ததும் பொன்னுருவி எழுந்தாள். அவள் வீட்டுக்காரன் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போய் மூன்று வருஷம் ஆகிறது. சிறையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, செத்தான் என்றும் சேதி இல்லை. கழுத்தில் இருக்கும் தாலியை என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

"எங்கூட்டுக்காரர் எங்க கீறாருன்னு நான் இனிமே யாரையும் கேக்கல. அந்த வண்டி நம்ம ஊருக்குள்ள வரக் கூடாது. அத மட்டும் எழுதுங்க" என்றாள்.

வண்டி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சாம்பசிவம் மாமா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். மலையில் ஆள் பிடித்து ஆந்திராவுக்கு ஏற்றி அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. தேர்தல் அன்றைக்கு நடக்க முடியாத கிழவிகளை எனக்கு ஓட்டுப் போட ஏற்றி வந்ததும் அதே வண்டிதான்.

தீர்மானம் எழுதினோம். பெண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். ஆண்கள் ஊர்க்கவுண்டர் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்கு நியாயம் சொல்லும் பெரியவர் அவர்தான், அவருடைய அப்பனும் பாட்டனும் அதைத்தான் செய்தார்கள். அவர் யோசித்துவிட்டு, வண்டியை மட்டும் தடுத்தால் போதாது என்றார். இனி செம்மரத்துக்குப் போகிறவனுக்கு ஊர் விலக்கு. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. செயலர், அப்படியெல்லாம் தீர்மானத்தில் எழுத முடியாது, சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றார். "எழுத வாணாம், வாய்ச்சொல் போதும். தலைவர் இன்னா சொல்றாங்க?" என்று ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். ஊருக்கு நடுவில் அவர் என்னைத் தலைவர் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

பொன்னுருவி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை போலிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3

வண்டி வந்தது. மலைப்பாதையின் கடைசி வளைவில் நாங்கள் குறுக்கே உட்கார்ந்துகொண்டோம். ஓட்டுநர் ஆரன் அடித்துப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து கெஞ்சினான். யாரும் எழவில்லை. வண்டியைத் திருப்ப அந்த இடத்தில் வசதி இல்லை. பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். பெண்கள் சிரித்த சிரிப்பு பள்ளத்தில் போய் மோதித் திரும்பி வந்தது. தீர்த்தகிரி எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து ஊற்றினான்.

பிப்ரவரி 19

இன்றும் முறை வைத்து வளைவில் உட்கார்ந்தோம். வண்டி வரவில்லை.

பிப்ரவரி 24

தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கண் தெரியவில்லை என்று நின்றுவிட்டார். அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி தீர்த்தகிரி கேட்டான். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"மலையிலயே இருந்துக்குவேன்க்கா. கீழ எறங்க எனக்குப் புடிக்கல."

தலைவர் தம்பிக்கே வேலை என்றால் ஊர் என்ன பேசும் என்று சொன்னேன். நாளைக்கு நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. பொன்னுருவிக்குத்தான் கொடுக்கப்போகிறேன், இந்த ஒன்றியத்தில் மோட்டார் ரூம் சாவியை ஒரு பெண் வைத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றான். இன்னொரு உருண்டை களி வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்குப் புரியும். நான் வளர்த்த பிள்ளை.

மார்ச் 22

கிராம சபை. பொன்னுருவியை வேலைக்கு வைக்கத் தீர்மானம் ஆயிற்று. ஒரு பொம்பளை தொட்டிமேல் எப்படி ஏறுவாள் என்று யாரோ கேட்டார்கள். புளிய மரம் ஏறுகிறவளுக்கு இரும்பு ஏணி பெரிதா என்று இன்னொரு பெண் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

மார்ச் 27

நாள் முழுக்கப் புளி தட்டினோம். சாயங்காலம் மோட்டார் ரூம் பக்கம் போனேன். தீர்த்தகிரி பொன்னுருவிக்கு வால்வு திருப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். எந்தச் சத்தம் வந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினான். அவள் சிரித்து நான் பார்த்துப் பல காலம் ஆகிறது.

ஏப்ரல் 10

ஊத்துக்காட்டுக்குப் போனோம், தீர்த்தகிரிக்குப் பெண் கேட்டு. பெண் பெயர் சடைச்சி. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பெண்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளாமல் இருந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் அப்பா மரியாதையாகப் பேசினார். தலைவர் வீட்டுச் சம்பந்தம் கசக்குமா என்றார். பிறகு, மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். கொல்லை வேலை என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு வருஷமாகச் சாமை விளையாதது எல்லோருக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

வரும் வழியில் தீர்த்தகிரி முன்னால் வேகமாக நடந்தான்.

ஏப்ரல் 21

சாம்பசிவம் மாமா வீட்டுக்கு வந்தார். பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பேர் எடுத்திருக்கிறாய், கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் உன் பேச்சுதான் என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ரோட்ட அடச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க, சரி. இந்த மலைக்கு ரோடு ஒன்னுதானா வழி, தலைவரே?"

பலாப்பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

ஏப்ரல் 28

தீர்த்தகிரி திருப்பூருக்குக் கிளம்பினான். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், காசியம்மா மகன் வேடியப்பனும் வருகிறானாம். நல்லதுதான். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தால் ஊத்துக்காட்டுக்காரர் மறுபேச்சுப் பேச மாட்டார். கேழ்வரகு அடை சுட்டுக் கட்டிக் கொடுத்தேன். புதுத் துண்டு ஒன்று கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றதற்கு, மே ஒன்றுக்கு வேலை கிடக்கிறதே, நீ அதைப் பார் என்றான்.

காலில் பழைய காட்டுச் செருப்பைப் போட்டிருந்தான். திருப்பூரில் புதுசு வாங்கிக்கொள்வான்.

மே 1

கிராம சபை. மேலேயிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மூன்று மாதமாக எங்கள் ஊராட்சியிலிருந்து ஒருவர்கூடச் செம்மரத்துக்குப் போகவில்லை என்று மைக்கில் சொன்னேன். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பெண்களும் தட்டினார்கள். பொன்னுருவி மட்டும் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

மே 5

தீர்த்தகிரிக்குப் போன் போகவில்லை. புது இடம்.

மே 9

போகவில்லை. திருப்பூரில் டவர் கிடைக்கவில்லையோ என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இருக்கும்" என்றார். மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மே 14

தெருவிளக்குக்கு ஆள் வந்தார்கள். மேல்தெரு முழுக்க எரிகிறது. கீழ்த்தெருவில் ஒன்று எரியவில்லை.

கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். செயலர் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார்.

மே 20

பொன்னுருவி வந்தாள். நான் அடுப்பு மெழுகிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொட்டியின் மேல் நின்றால் மலையின் பின்பக்கச் சரிவு தெரியும், அங்கே ஆந்திராப் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. கிளம்பிய அன்றைக்குத் தீர்த்தகிரியும் வேடியப்பனும் இன்னும் சில பேரும் அந்தப் பாதையில் இறங்கியதைப் பார்த்தாளாம். அவனும் இவளைப் பார்த்துவிட்டான். கீழிருந்து கும்பிட்டானாம், சொல்லிவிடாதே என்பது போல.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீதான் திருப்பூரு திருப்பூருன்னு சொல்லிக்கினு இருந்த. எங்கூட்டுக்காரர் போனப்ப நானும் பெங்களூருன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். ஒன் மொகத்தப் பாத்து எப்பிடிக்கா சொல்றது?"

அவள் போன பிறகு மெழுகி முடித்தேன்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ராத்திரிச் சோறு போடும்போது அவர் முகத்தில் அதைப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையா என்று தெரியவில்லை.

மே 23

சாம்பசிவம் மாமா வீட்டுக்கு நானே போனேன். என் தம்பியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். அவர் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். என் வண்டிதான் ஊருக்குள் வருவதில்லையே, அவன் எங்கே போனான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். கும்பிட்டேன். தலைவர் இப்படிச் செய்யலாமா என்று எழுந்து வந்து என் கையைப் பிரித்துவிட்டார்.

மே 30

வளைவில் என் முறை. போய் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9

காலையில் காசியம்மா வந்தாள். வேடியப்பன் வந்துவிட்டான். ஊருக்குள் வரப் பயந்து, அவர்கள் கொல்லைக் குடிசையில் இருக்கிறான். தனியாக வந்திருக்கிறான்.

அவள் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மரம் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே தீர்த்தகிரிக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. சுனை எல்லாம் வற்றிப் போயிருந்தது. காட்டு இலாகா ஆட்கள் வருகிற சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். வேடியப்பன் கொஞ்ச நேரம் உடன் இருந்தான். தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. தீர்த்தகிரி தண்ணீர் கேட்டிருக்கிறான். இல்லை. துண்டை எடுத்து முகத்தில் வெயில் படாமல் போர்த்திவிட்டு இவனும் வந்துவிட்டான். அப்போது உயிர் இருந்தது.

இவன் கிளம்பும்போது தீர்த்தகிரி சொன்னானாம், "அக்காவுக்குத் திருப்பூர்னே இருக்கட்டும்."

ஜூன் 11

வேடியப்பன் சொன்ன காட்டுக்குப் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரி. அடையாளம் தெரியாத உடல் என்று வைத்திருந்தார்கள். தெலுங்கு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஓரளவு வரும். நீ யார் என்று கேட்டார்கள். அக்கா என்றேன். அந்த வார்த்தை அங்கேயும் அதேதான்.

துண்டைக் காட்டினார்கள். முகத்தைக் காட்ட வேண்டாம் என்றார் அவர். நான் பார்த்தேன்.

ஜூன் 12

ஆம்புலன்ஸ் மலை ஏறி எங்கள் வளைவைத் தாண்டியபோது, முறைக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

உடலை வாசலில் இறக்கினோம். ஊரில் ஓர் ஆண்பிள்ளையும் வரவில்லை. மேளம் வரவில்லை. ஊர்க்கவுண்டர் கோயில் பக்கமாக நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார். ஊர்ச் சொல் ஊர்ச் சொல்தான், தலைவர் வீட்டுக்கு ஒன்று, மற்ற வீட்டுக்கு ஒன்று இல்லை, தலைவரே சம்மதித்த சொல்தான் என்று சொல்லி அனுப்பினார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லையாம். கண் கலங்கியிருந்தாராம்.

அவர் சொன்னதில் தப்பில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. பொன்னுருவிதான் முதலில் வந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். பின்னால் வளைவில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் மலையில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் அம்மாவைப் புதைத்த இடத்தைக்கூடப் பார்த்ததில்லை. இன்று போனேன். என் வீட்டுக்காரர் தலைமாட்டில், பொன்னுருவி கால்மாட்டில், பக்கத்துக்கு இரண்டு பெண்கள். நான் முன்னால் நெருப்புச் சட்டி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

குழி வெட்டவும் ஆள் இல்லை. நூறு நாள் வேலையில் குளம் வெட்டின கைகள்தான். மாற்றி மாற்றி வெட்டினோம். பாறை தட்டியது. தள்ளி வெட்டினோம். அம்மாவைப் புதைத்தது எந்த இடம் என்று அவரைக் கேட்டேன். கை காட்டினார். பக்கத்தில்தான்.

ஊத்துக்காட்டிலிருந்து சடைச்சி வந்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் வந்தவள். கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் கூப்பிட்டேன். ஒரு பிடி மண் போட்டாள்.

ஜூன் 13

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20

மழை. ஊரில் சாமை விதைக்கிறார்கள்.

ஜூன் 27

பொன்னுருவி மோட்டார் ரூம் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இது அவனுக்கு வந்திருக்கணும்" என்றாள். எடுத்து அவள் கையிலேயே வைத்து மூடினேன். கீழ்த்தெருவுக்குத் தண்ணீர் நேரத்துக்கு விடு, புகார் வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 8

ராஜினாமா எப்படிக் கொடுப்பது என்று செயலரிடம் கேட்டேன். சொன்னார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சாம்பசிவம் மாமா தன் மனைவியை அடுத்த தலைவராக்க இப்போதே ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்.

ஜூலை 9

ராஜினாமா எழுதவில்லை.

ஜூலை 25

வண்டி மறுபடி வந்தது. வளைவில் ஐந்து பேர்தான் இருந்தோம். முன்பு சிரித்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் என்னைப் பார்த்தான். ஆரன் அடிக்காமல் திரும்பிப் போனான்.

ஆகஸ்ட் 6

காசியம்மா மறுபடி வந்தாள். வேடியப்பன் இன்னும் கொல்லைக் குடிசையில்தான் இருக்கிறான். யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, கடையில் தீப்பெட்டிகூடக் கொடுப்பதில்லை. இப்படியே இருந்தால் திரும்ப ஆந்திராவுக்கே போய்விடுகிறேன் என்கிறானாம், சாம்பசிவத்தின் ஆள் கொல்லைக்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். "நீ சொன்னாத்தான் உண்டு, தலைவரே" என்றாள். அவள் மகனும் என் தம்பியோடு ஒன்றாக ஓடி விளையாடின பிள்ளைதான்.

யோசிக்கிறேன் என்றேன். ஊத்துக்காட்டுக்காரர் எங்களுக்குச் சொன்ன அதே வார்த்தை.

ஆகஸ்ட் 15

கொடி ஏற்றினேன். சிக்கவில்லை.

முன்பு வந்த கூட்டத்தில் பாதிதான் இன்று கிராம சபைக்கு வந்தது. எல்லாம் முடிந்த பிறகு, ஊர் விலக்குச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். ஊர்க்கவுண்டர் எழுந்தார்.

"நீதானம்மா அன்னிக்குச் சரின்ன?"

"ஆமாங்கய்யா. நான்தான் சரின்னேன். போறவன் பயப்படுவான்னு நெனச்சேன். போறவன் பயப்படல, திரும்பி வர்றவன்தான் பயப்படறான். வந்தவன ஊருக்குள்ள வுடலன்னா அவன் மறுபடி அங்கதான் போவான்."

"ஒன் தம்பிக்கு இல்லாதத இப்ப மாத்தறியா?"

அப்படிக் கேட்பார் என்று தெரியும். ராத்திரியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது அந்த நேரத்தில் வரவில்லை. "ஆமா" என்றேன்.

கை தூக்கச் சொன்னேன். பொன்னுருவி தூக்கினாள். வளைவுப் பெண்கள் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் தூக்கினார். சில இளவட்டங்கள் ஊர்க்கவுண்டரைப் பார்க்காமலே தூக்கினார்கள். செயலர் எண்ணினார். சரிபாதியாக நின்றது. தலைவர் இன்னும் தூக்கவில்லை என்றார்.

என் தம்பி முகத்தில் துண்டைப் போர்த்திவிட்டு வந்தவனுக்காக நான் கை தூக்க வேண்டியிருந்தது. தூக்கினேன். ஊர்க்கவுண்டர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊர் ஒத்துக்கிச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மத்தியானம் காசியம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். காலில் விழ வந்தார்களாம். நான் இல்லை என்று சொல்லும்படி என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, உள்ளே நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஊருக்குள் வரலாம் என்று கை தூக்கிவிட்டேன். என் வாசலுக்கு வா என்று சொல்ல இன்னும் முடியவில்லை.

அவர்கள் போகவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் வேடியப்பனிடம் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.